பேசின் பிரிட்ஜில் பிரியும் தடங்கள்

தொல்லியலாளர்களையும் பழம்பொருள் சேகரிப்பாளர்களையும் பாத்திரங்களாக்கி எழுதப்படும் கொலைக்கதைகள் உலகெங்கும் தனி வகையாக நிலைபெற்றிருப்பதற்கு, புதைகுழிகளும் இடிந்த அரண்மனைகளும் தரும் மர்மச் சூழல் மட்டும் காரணமன்று. கொலையைத் துப்பறிபவரும் நிலத்தை அகழ்பவரும் ஒரே முறையில் சிந்திப்பவர்கள் என்பதே ஆழமான காரணம். அகழாய்வில் மண்ணடுக்கு என்று சொல்லப்படுவது, காலவரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மண்ணின் படிவங்களை. ஒரு பானையோட்டின் மதிப்பு அதன் அழகில் இருப்பதைவிட, அது எந்த அடுக்கில், எதன் அருகில், எந்த நிலையில் கிடந்தது என்பதிலேயே பெரிதும் அடங்கியிருக்கிறது. கொலை நடந்த அறையில் கிடக்கும் கத்திக்கும் இதே விதி பொருந்தும். இடத்தைவிட்டு எடுத்துவிட்டால் இரண்டுமே வாய் மூடிவிடும்.

இந்த உறவை விளக்க எகிப்துக்கோ மெசபடோமியாவுக்கோ போக வேண்டிய கட்டாயம் தமிழ் வாசகருக்கு இல்லை. வடசென்னையின் பேசின் பிரிட்ஜ் சந்திப்பே போதும். சென்ட்ரலிலிருந்து புறப்படும் ரயில்கள் எல்லாம் இந்தச் சந்திப்பைக் கடந்துதான் திசை பிரிகின்றன: கிழக்கே வண்ணாரப்பேட்டை வழியாக ராயபுரத்துக்கும் கடற்கரைக்கும், வடக்கே கொருக்குப்பேட்டை வழியாகத் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும், மேற்கே வியாசர்பாடி வழியாகத் திருவாலங்காட்டுக்கும் அரக்கோணத்துக்கும். பெட்டிகளைப் பராமரிக்கும் பணிமனைகள், சரக்கு ரயில்களின் காத்திருப்பு, பக்கத்தில் கறுத்தோடும் பக்கிங்ஹாம் கால்வாய் என்று தொழிற்பகுதியாகவே அறியப்படும் இவ்விடத்திலிருந்து பிரியும் மூன்று தடங்களின் மீதும், தமிழ் வரலாற்றின் முக்கியமான மரணப் புதிர்கள் சிலவற்றின் சாட்சியங்கள் கிடக்கின்றன.

புனைகதையில் இவ்வகைக்கு உரம் சேர்த்தவர் அகதா கிறிஸ்டி. 1930இல் தொல்லியலாளர் மேக்ஸ் மல்லோவனை மணந்து, ஈராக்கிலும் சிரியாவிலும் அகழாய்வு முகாம்களில் பருவந்தோறும் தங்கி, கிடைத்த பொருட்களைத் துலக்கிப் படமெடுத்துப் பதிவதில் பங்கேற்ற அவர், 1936இல் வெளிவந்த ‘மர்டர் இன் மெசபடோமியா’வில் ஓர் அகழாய்வுக் குழுவின் விடுதியையே கொலைக்களமாக்கினார். பின்னர், எகிப்தின் தீப்ஸ் பகுதிக் கல்லறையொன்றில் கிடைத்த ஹெக்கநக்த் என்பவரின் குடும்பக் கடிதங்களைத் தூண்டுதலாகக் கொண்டு, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குடும்பம் ஒன்றில் நடக்கும் தொடர் கொலைகளையும் நாவலாக்கினார். நனவுலகும் அமைதியாக இருக்கவில்லை: பாலஸ்தீனத்தின் லாக்கிஷ் அகழாய்வை நடத்திவந்த ஜேம்ஸ் ஸ்டார்க்கி, 1938 ஜனவரியில் எருசலேமின் தொல்பொருள் அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குச் செல்லும் வழியில் கொல்லப்பட்டார்.

இந்திய வரலாற்றோடு ஒட்டிய நிகழ்ச்சி இதைவிட வியப்பானது. 1888இல் காரகோரம் கணவாய் அருகே ஆண்ட்ரூ டால்கிளிஷ் என்ற ஸ்காட்லாந்து வணிகர் கொலையுண்டார். கொலையாளி தாத் முகமதுவைத் தேடி அனுப்பப்பட்ட ஹாமில்டன் பவர் என்ற படையதிகாரி, 1890இல் கூச்சா என்ற பாலைவன ஊரில் புதையல் தேடுபவர்களிடமிருந்து பூர்ஜ மரப்பட்டையில் எழுதப்பட்ட பழஞ்சுவடி ஒன்றை வாங்கினார். மருத்துவ நூல்களை உள்ளடக்கிய அந்தச் சுவடியைக் கல்கத்தாவில் ஹோர்ன்லே என்ற அறிஞர் படித்து வெளியிட்டதும், மத்திய ஆசியச் சுவடிகளுக்காக ஆங்கிலேயத் தரப்பும் ரஷ்யத் தரப்பும் பணத்தோடு போட்டியிட்டன. அந்தப் பணத்தை நம்பி கோத்தானில் இஸ்லாம் ஆகுன் என்பவர் யாருக்கும் தெரியாத எழுத்துகளில் போலிச் சுவடிகளைத் தயாரித்து விற்க, ஹோர்ன்லேயே அவற்றை உண்மையென நம்பி ஆராய்ந்தார். 1901இல் ஆரல் ஸ்டைன் நேரில் விசாரித்துப் போலியை வெளிப்படுத்தும்வரை அந்த மயக்கம் தொடர்ந்தது. ஒரு கொலையைத் துரத்திப் போன பயணம் பழம்பொருள் சந்தை ஒன்றுக்கு வழி திறந்ததும், அந்தச் சந்தை அறிஞரின் கண்ணையே மறைத்ததும் இவ்வகைக் கதைகள் அனைத்துக்கும் பொருந்தும் பாடம்: பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை விட்டுவிட்டு, பொருள் என்ன என்று மட்டும் கேட்பவர் ஏமாறுகிறார்.

வடக்குத் தடத்தில் திருவொற்றியூர் தியாகராசர் கோயிலில், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று சதுரானன பண்டிதர் என்ற மடத்தலைவரின் முன்வாழ்வைச் சொல்கிறது. கேரளத்தில் பிறந்து, சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மகனான இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற தோழனாகவும் படைத்துணையாகவும் இருந்த அவர், 949இல் இராட்டிரகூடருக்கு எதிரான தக்கோலப் போரில் இளவரசன் மடிந்தபோது உடன் மடியும் பேறு தமக்கு வாய்க்காததால் உலகைத் துறந்து, கங்கையில் நீராடி, திருவொற்றியூரில் துறவியானார். தோழனை இழந்தவன் அந்தத் தோழனைக் கொன்ற தரப்பின் ஆட்சிக்காலத்திலேயே கோயிலுக்குப் பொன் கொடுத்து, தன் துயரத்தையும் கல்லில் பதிய வைத்திருக்கிறான் என்பதை, அந்தச் சுவரின் முன் நின்று படிப்பவர் எளிதில் கடந்துவிட முடியாது.

அதே மரணத்துக்கு மறுதரப்புச் சாட்சியம் கன்னட நாட்டின் ஆதகூர் கல்வெட்டில் உள்ளது. கிருஷ்ணனின் தரப்பில் நின்று இராசாதித்தனைக் கொன்ற கங்க மன்னன் பூதுகனை அது போற்றுகிறது. அதை முதலில் பதிப்பித்த ஃபிளீட், ஒரு தொடரை வஞ்சகமாகக் குத்திக் கொன்றதாகப் பொருள் கொண்டார். அந்தப் பொருள் நின்றிருந்தால் தக்கோலத்தில் நடந்தது போர்ச்சாவு அன்று, கொலை. பின்னர், யானைமேல் இருந்த அம்பாரியையே போர்க்களமாக்கிப் பொருதான் என்பதே அத்தொடரின் கருத்து என்று திருத்தப்பட்டது. ஒரு தொடரைப் பிரித்துப் படிப்பதில் நேரும் பிழை, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவனைக் கொலைகாரனாக்கிவிட வல்லது என்பதால்தான் கல்வெட்டியலாளரின் மேசைக்கும் நீதிபதியின் மேசைக்கும் இடையே பெரிய தூரம் இல்லை எனச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்குத் தடத்தில், புறநகர் ரயில் நிற்கும் திருவாலங்காட்டில் 1905இல் வெளிப்பட்ட செப்பேடுகள், தமிழகத்தின் மிகப் புகழ்பெற்ற கொலைப் புதிரில் தொடர்புடையவை. இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கிய ஆணையைப் பதிந்த முப்பத்தொரு ஏடுகள் அவை. சோழர் குலவரலாற்றைச் சொல்லும் அவற்றின் வடமொழிப் பகுதி, பாண்டியன் தலையைக் கொண்ட இரண்டாம் ஆதித்தன், அதாவது ஆதித்த கரிகாலன், விண்ணுலகு சென்றதை மட்டும் சுருக்கமாகக் கூறிவிட்டு, குடிமக்கள் வேண்டியும் அவன் தம்பி அருண்மொழி, அதாவது பின்னாளின் இராசராசன், அரசை ஏற்காமல், சிறிய தந்தை உத்தமனுக்கு அந்த ஆசை இருக்கும்வரை விட்டுக்கொடுத்தான் என்று தொடர்கிறது. ஆதித்தன் எப்படி இறந்தான் என்பது பற்றிச் செப்பேடு மௌனம் காக்கிறது.

அந்த மௌனத்தை உடைத்தது, காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலின் கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராசன் ஆகியோரைப் பெயர் சுட்டி, அவர்களுடைய உறவினரின் உடைமைகள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. பிரம்மாதிராசன் என்பது அரசுப் பணியிலிருந்த அந்தணர்க்குச் சோழர் வழங்கிய உயர்பட்டம். எனவே கொலையாளிகள் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர், அரசின் உள்ளிருந்தவர்கள் என்பது தெளிவாகிறது.

இங்கேதான் உண்மையான விசாரணை தொடங்கியது. கொலை 970ஐ ஒட்டி நடந்தது. தண்டனைச் செய்தி வருவது ஏறத்தாழ 987இல். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் ஆண்டவன் உத்தம சோழன். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் ஆசை பற்றிய குறிப்பையும் உடையார்குடியின் காலத்தாழ்வையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்த க.அ. நீலகண்ட சாஸ்திரி, உத்தமனுக்குச் சதியில் பங்கு இருந்திருக்கலாம் என்று ஐயுற்றார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார்: உத்தமன் குற்றவாளியாயின் அருண்மொழி அவனிடம் அரசை விட்டுக்கொடுத்துப் பதினைந்து ஆண்டு பொறுத்திருப்பானா, தன் மகனுக்கு அரசு சேரவேண்டும் என்றல்லவா உத்தமன் முனைந்திருப்பான் என்ற வகையில் அவரது வாதம் சென்றது. பிற்காலத்தில் குடவாயில் பாலசுப்ரமணியன், அந்தக் கல்வெட்டைத் தண்டனை ஆணையாகவே எடுத்துக்கொள்வது சரியா என்ற அடிப்படைக் கேள்வியை எழுப்பினார். கல்வெட்டின் நோக்கம் நிலம் விலைக்கு வாங்கப்பட்டு அறக்கொடையானதைப் பதிவதே என்றும், துரோகிகள் பற்றிய செய்தி அந்த நிலத்தின் முன்வரலாறாக வருவதே என்றும் கொண்டால், பதினேழு ஆண்டுத் தாமதம் என்ற குற்றச்சாட்டின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

எஞ்சியுள்ள சான்றுகளைக் கொண்டு உத்தமனைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. ஆசை இருந்தது என்பது கொலை செய்தான் என்பதற்குச் சான்றாகாது. ரவிதாசனும் பரமேசுவரனும் பாண்டியனுக்காகப் பழிவாங்கினார்கள் என்ற விளக்கமும், பஞ்சவன் என்ற பாண்டியச் சாயல் கொண்ட பட்டத்தை நம்பி எழுப்பப்பட்டதே தவிர, காரணத்தைக் கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. இவ்வளவு குறைந்த சான்றுகள் மேல் தமிழ்ச் சமூகம் இவ்வளவு அக்கறையைக் குவித்ததற்குக் காரணம் கல்கி. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடர், ரவிதாசனைக் கல்வெட்டிலிருந்து எழுப்பி நடமாடவிட்டது. ஆயினும் ஆதித்தனைக் குத்திய கை யாருடையது என்பதில் ஐயம் நீங்காதபடி அவர் கதையை அமைத்தார். சான்று இல்லாத இடத்தில் தீர்ப்பு எழுத மறுத்த அந்த நேர்மை, வரலாற்றுக் கொலைக்கதை எழுதும் எவரும் கற்க வேண்டியது.

சென்னை வாசகர்கள் அந்தத் தொடரை வாரம் தவறாமல் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், பேசின் பிரிட்ஜின் கிழக்குத் தடத்தில், ராயபுரம் செமெட்ரி சாலையில் ஒரு கொலை நடந்தது. 1952 ஆகஸ்ட் 28ஆம் தேதி, பாரிமுனைப் பகுதியில் பேனா வணிகம் செய்துவந்த, முன்பு ராணுவத் துறையில் பணியாற்றிய ஆளவந்தார் காணாமல் போனார். மறுநாள், எழும்பூரிலிருந்து புறப்பட்டிருந்த போட் மெயிலின் பெட்டி ஒன்றில் துர்நாற்றம் வீசுவதாகப் பயணிகள் முறையிட, மானாமதுரையில் டிரங்குப் பெட்டி ஒன்று திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். சில நாட்களில் ராயபுரம் கடற்கரையில், பழுப்பு நிறச் சட்டையில் சுற்றப்பட்ட தலை கிடைத்தது. கொலை நடந்த வீட்டிலிருந்து தலை நடந்து போகும் தூரத்தில் கிடக்க, உடல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே போயிருந்தது.

இரண்டும் ஒருவருடையவை என்று நிறுவும் பணி சென்னை மருத்துவக் கல்லூரியின் தடயவியல் மருத்துவர் சி.பி. கோபாலகிருஷ்ணனிடம் வந்தது. குற்றத்தின் எச்சங்களை அறிவியல் முறையில் ஆய்ந்து நீதிமன்றத்துக்குச் சான்றளிக்கும் தடயவியல், இந்தியாவில் இளமையாக இருந்த காலம் அது. மரபணுச் சோதனை கனவிலும் இல்லை. கழுத்தெலும்பின் வெட்டுப் பரப்புகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதும், காதில் குத்தப்பட்டிருந்த துளைகளும், ஒரு பல்மேல் ஒரு பல் ஏறியிருந்த அமைப்பும், ராணுவப் பணிக்காலத்துப் பதிவேட்டில் இருந்த கைரேகையும் சேர்ந்தே அடையாளத்தை நிறுவின. உடைந்த இரு பகுதிகளின் விளிம்புகளை ஒட்டிப் பார்த்து ஒரு பானையை மீட்டெடுக்கும் தொல்லியலாளரின் பொறுமையே இங்கும் செயல்பட்டது. ரிக்‌ஷாக்காரரின் சாட்சியமும் வீட்டு வேலைப் பையனின் சாட்சியமும் பெட்டியை ராயபுரம் வீட்டோடு இணைத்தன. அந்த வீட்டில் குடியிருந்து, மும்பையில் பிடிபட்ட பிரபாகர மேனனும் அவர் மனைவியும் 1953 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் நிறுத்தப்பட்டபோது, வழக்கை விசாரித்தவர் ஐ.சி.எஸ். அதிகாரியும் எழுத்தாளருமான நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர். குப்தர் காலத்தை வைத்துப் ‘பாலாதித்யா’ என்ற வரலாற்று நாவலையும், சந்திரகுப்தனும் சாணக்கியனும் வரும் நூலையும் எழுதியவர் அவர். ஆகஸ்டில் மேனனுக்கு ஏழாண்டும் மனைவிக்கு மூன்றாண்டும் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆளவந்தார் வழக்கைத் தமிழ்நாடு நினைவில் வைத்திருப்பது அதன் கொடூரத்துக்காக. அதைவிட நினைக்கத்தக்கது, பிரிக்கப்பட்டவற்றை மீண்டும் அருகருகே வைத்து உண்மையைப் பேசவைத்த முறை. அந்த முறையின் தேவை இன்று பெரிதாக எழுவது, ராயபுரத்தை அடுத்த துறைமுகத்தின் வழியாகவும் மற்ற வாயில்கள் வழியாகவும் நாட்டைவிட்டு வெளியேறிய திருமேனிகளின் வழக்குகளில்தான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலிலிருந்து 2006இல் திருடப்பட்ட நடராசர், புதிதாக வார்த்த கைவினைப் பொருட்களோடு கலந்து சென்னையிலிருந்து வெளிநாடு அனுப்பப்பட்டு, நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூர் மூலம் 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறாண்டைக் கடந்த சிற்பத்தைத் தனியார் எவரும் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே சிலை பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தியாவைவிட்டுப் போய்விட்டதாகக் காட்டும் போலி உடைமை வரலாறு, அதாவது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்னும் ஆவணச் சங்கிலி, தயாரிக்கப்பட்டது. கோத்தானின் போலிச் சுவடியைப் போலவே, வாங்கியவர்கள் ஆவணத்தை நம்பவே விரும்பினார்கள்.

சங்கிலியை அறுத்தது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் புகைப்படம். தென்னிந்தியக் கோயில்களையும் திருமேனிகளையும் 1956 முதல் ஊர் ஊராகச் சென்று படமெடுத்துச் சேமித்துவந்த அந்நிறுவனம், 1994இல் ஸ்ரீபுரந்தானிலும் படமெடுத்திருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே நாட்டைவிட்டுப் போனதாகச் சொல்லப்பட்ட நடராசர் 1994இல் தம் கோயிலில் இருந்தார் என்பதற்கு அந்தப் படம் மறுக்கமுடியாத சாட்சி. வார்ப்பில் நேரும் சிறு குறைகளும் தேய்மானமும் கைரேகை போலப் பொருந்தின. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 2022 நவம்பரில் உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் கும்பகோணம் நீதிமன்றத்தால் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நடராசர் 2014 செப்டம்பரில் நாடு திரும்பினார்.

இதற்கு முன்னோடி பத்தூர் நடராசர் வழக்கு. 1976இல் திருவாரூர்ப் பகுதியில் கூலித் தொழிலாளி ஒருவர் தோண்டியபோது கிடைத்து, கைமாறி லண்டன் சென்ற அந்தத் திருமேனியை மீட்க நடந்த வழக்கில், புகைப்படம் எதுவும் இல்லை, மண்ணே சாட்சியானது. சிலைமேல் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் அரித்த தடங்களும், அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்றத் திருமேனிகளின் மண்ணோடும் தடங்களோடும் ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி லண்டன் நீதிமன்றத்தில் சான்றளித்தார். 1988இல் நீதிபதி இயன் கென்னடியும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், இந்தியச் சட்டத்தில் உரிமையுடைய சட்டநபராகக் கோயிலை ஏற்றுத் தமிழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தன. மண்ணடுக்கைப் படிக்கும் அறிவு ஆங்கிலேய நீதிமன்றத்தில் கடவுளுக்குச் சாட்சி சொன்ன அரிய தருணம் அது.

ஆனால் ராயபுரத்து வழக்கில் தலையும் உடலும் ஒன்று சேர்ந்ததைப் போல இந்த மீட்புகள் முழுமை பெறவில்லை. திரும்பிவந்த திருமேனிகள் பல, பாதுகாப்பின் பொருட்டு அறநிலையத் துறையின் திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டிய அறைகளுக்குள் வைக்கப்படுகின்றன. அவை எந்த நிலைமாடத்துக்காக வார்க்கப்பட்டனவோ, எந்தத் தெருவில் உலா வந்தனவோ, அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. களவாடியவன் எடுத்துச்சென்ற உலோகம் மீண்டது. அவன் அறுத்த தொடர்பு மீளவில்லை.

1956க்கு முன்பே போனவற்றுக்கும், புகைப்படக் கருவி எட்டாத சிறு கோயில்களிலிருந்து போனவற்றுக்கும் இந்த அளவு மீட்பும் வாய்க்காது. ஆகவே முதலில் செய்யவேண்டிய வேலை, வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் உள்ள சிறு கோயில்கள் தொடங்கி, மாநிலத்தின் கடைசி ஊர்ச் சாவடிவரை, ஒவ்வொரு திருமேனியையும் எல்லாப் பக்கங்களிலும் அளவுகோலோடு படமெடுத்து, பீடத்தின் அடிப்புறத்தையும் வார்ப்புக் குறைகளையும் குறித்து, அந்தப் பதிவின் படியொன்றை ஊராரிடமும் கொடுப்பது. துறைமுகத்தில் கைவினைப் பொருள் என்ற பெயரில் வரும் பெட்டியைத் திறக்கும் சுங்க அதிகாரியின் மேசையில் அந்தப் பதிவு இருந்தாக வேண்டும். பெட்டி கப்பலேறிய பின் பாண்டிச்சேரியிலிருந்தோ லண்டனிலிருந்தோ சாட்சி தேடுவதைவிட, கொருக்குப்பேட்டைச் சரக்கு நிலையத்திலேயே அதை நிறுத்துவது எளிது.